ஆறாவது தோள்

உறைந்த பட்டாணிப் பைக்குள் அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திணித்து நுவாலா ஃப்ரீசர் கதவைச் சாத்தவும், மாடியில் பயணப் பெட்டி தடாலென்று இறங்கவும் சரியாக இருந்தது.

தாத்தா போய்விட்டார் என்று அயர்லாந்திலிருந்து காலையில்தான் போன் வந்தது. நாளை மறுநாள் அடக்கம். விமானம் ஏறினால் ஒரே ராத்திரிப் பயணம். ஆனால் அப்பா டெக்லன் சுற்றுலா விசாவில் நியூயார்க் வந்து, கெடு முடிந்தும் தங்கிவிட்டவர். மனைவி பெர்னி இங்கே பிறந்தவள் என்பதால் பச்சை அட்டைக்கு வழியிருந்தது, மனுவும் போட்டாயிற்று. பதில் வருமுன் நாட்டை விட்டுப் போனால் மனு செத்தது, பத்து வருஷம் திரும்ப முடியாது என்று வக்கீல் சொன்னது நுவாலாவுக்கு மனப்பாடம்.

"அவசர அனுமதி கேக்கலாமேம்மா?"

"கேட்டாச்சு. அடக்கத்துக்குள்ள கிடைக்காதாம்."

"அப்ப போகாதீங்கன்னு சொல்லு."

பெர்னி தேநீரையே பார்த்தாள். "செத்தது உங்கப்பாவோட அப்பாடி. அதை நான் எப்படிச் சொல்ல?"

மேலே இழுப்பறை திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. நுவாலா படிக்கட்டடியில் போய் நின்றாள்.

டெக்லன் இறங்கி வந்தார். கையில் பெட்டி இல்லை. கசங்கிய கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது.

"பெர்னி, கல்யாணக் கோட்டு. பூசையைக் கம்ப்யூட்டர்ல பாக்குறப்ப போட்டுக்கணும். தொப்பை உள்ள போகுமா?"

"மூச்சைப் பிடிச்சுக்கோ. பூசை முடியிற வரைக்கும்தானே!"

நுவாலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடக்கத்தன்று விடிகாலையில் மூவரும் சமையலறையில் மடிக்கணினி முன் இருந்தார்கள். ஊர்த் தேவாலயத்தின் கூரைக் கேமரா நேரலையில் எல்லோரும் உச்சந்தலையாகவே தெரிந்தார்கள். பூசை முடிந்து, ஆறு பேர் தூக்கவேண்டிய சவப்பெட்டிக்கு ஐந்து பேரே வந்தார்கள். முன்பக்கம் ஓர் இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா கேமராவை அண்ணாந்து பார்த்தார்.

"முரட்டுப் பய. என் இடத்துல ஒருத்தனையும் நிக்க விடல பாரு," என்றார் டெக்லன்.

பெட்டி உயர்ந்தது, லேசாகச் சாய்ந்தது. டெக்லன் எழுந்து நின்றார். இறுக்கமான கோட்டுக்குள் அவருடைய வலது தோள் மெல்ல இறங்கியது. பெட்டி வாசலைத் தாண்டி மறையும்வரை அப்படியே நின்றார்.

பிறகு, "பசிக்குது" என்று சாசேஜ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். பட்டாணிப் பை கையில் தட்டுப்பட்டது. அமுக்கிப் பார்த்தார்.

"பட்டாணி எப்படி சதுரமா இருக்கு?"

"அப்பா, நான் வந்து..."

பனி படிந்த பாஸ்போர்ட்டைக் கோட்டுக் கையில் துடைத்து மேசையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பெர்னி அடுப்பைப் பற்ற வைத்தாள். பாஸ்போர்ட் அட்டையிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு இதை ரெண்டு தடவை தேடினேன். இழுப்பறையிலேயே இருந்திருந்தா," என்று மெதுவாகக் கேட்டார் டெக்லன், "நான் இப்ப எங்க இருந்திருப்பேன், நுவாலா?"