சூடு போட்ட ஒட்டகம்

என் ஓரகத்தி செர்மாவுக்கு ஒரு ஒட்டகத்தின் மேல் வந்த பொறாமை இருக்கிறதே, அப்படியொன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உயிருள்ள ஒட்டகம்கூட இல்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு சதுரங்கக் காய்.

எங்கள் பழைய காய்களில் பாதியை நாய் கடித்துப்போட்டது. புது வருஷத்து வெள்ளை மாதப் பண்டிகைக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்த கையோடு பலகையைத்தான் தேடுவார்கள். அதனால் செர்மாவின் புருஷன், என் கொழுந்தன் சோத்னோம், புதிதாகச் செய்ய உட்கார்ந்தான். மந்தைக்குச் சூடு போடும் இரும்பைக் காய்ச்சி, ஒரு பெட்டி மூடியில் இழுத்துக் கட்டம் போட்டான். உடைந்த சேணத்துக் கட்டையில் ஒரு பக்கத்துக் காய்கள், எலும்பில் மறுபக்கத்துக் காய்கள். ராஜாவாகப் பிரபு, மந்திரியாகச் சிங்கம், பிறகு வண்டி, குதிரை, ஒட்டகம், முன்வரிசையில் பொடிப்பயல்கள். கை நல்ல கைதான், குறை சொல்ல மாட்டேன்.

காய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த செர்மா, எலும்பு ஒட்டகம் ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இங்க வாங்க. இது யாரோட ஒட்டகம்?”

“என்னடி கேள்வி? சதுரங்கத்து ஒட்டகம்.”

“முன் திமில் இடது பக்கமா சாயுது பாருங்க. மோவாயத் தூக்கிட்டு நிக்கற திமிரப் பாருங்க. துல்மாவோட வெள்ளைப் பெட்டைதானே இது?”

வாங்கிப் பார்த்தேன். அதேதான். ஒரு தடவை பார்த்த திமிலை எங்களில் யாரும் மறப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சோத்னோம் துல்மாவின் அப்பாவுக்கு ஒட்டகம் மேய்த்தான். இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நடக்கவில்லை. அவள் வேறொருத்தனைக் கட்டினாள், அவனும் போய்ச் சேர்ந்தான். இப்போது தனியாக இருக்கிறாள். அந்தத் ‘தனியாக’தான் செர்மாவைத் தூங்கவிடவில்லை.

“ஏன்யா, நம்ம மந்தையில ஒட்டகமே இல்லையா?” என்றாள் புருஷனிடம்.

“கத்தி போன போக்குல வந்துடுச்சு.”

“கத்தி ஏன் அந்தப் பக்கமாவே போகுது?”

அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது பால் விடாத தேநீர். “பால் இல்லையா?” என்று கேட்டுத் தொலைத்தான்.

“துல்மா வீட்டுல இருக்கும், போய்க் குடி.”

மறுநாள் அவன் மந்தையோடு போனதும் செர்மா கோணி ஊசியைத் தீயில் பழுக்கக் காய்ச்சினாள். அந்த ஒட்டகத்தின் தொடையில் எங்கள் மந்தைக்குப் போடும் அடையாளச் சூட்டை, பிறையும் கோடும், அப்படியே பொறித்தாள்.

“இப்ப சொல்லுங்கக்கா, யாரோடது?”

“அடிப்பாவி, அடுத்தவ ஒட்டகத்துக்கு நம்ம சூடா? பண்டிகைக்கு அவ வருவாளே!”

“வரட்டும். நல்லாப் பாக்கட்டும்.”

வந்தாள். கறிக் கொழுக்கட்டை தின்றாள், சிரித்தாள், சோத்னோமுக்கு எதிரே பலகைமுன் உட்கார்ந்து எலும்புக் காய்களை எடுத்து வைத்தாள். ஒட்டகத்தை வைக்கும்போது கட்டைவிரல் அதன் தொடைச் சூட்டில் தட்டியது. திருப்பிப் பார்த்தாள். அடுத்தவர் மிருகத்துக்குச் சூடு போடுவது எங்களிடம் விளையாட்டுக் காரியமில்லை.

“செர்மா, என் பெட்டை எப்படி உங்க மந்தைக்கு வந்தா? நான் விக்கலையே?”

என் வீட்டுக்காரர் சிரிப்பை மறைக்க மூக்குப்பொடி டப்பியோடு மல்லுக்கட்டினார். சோத்னோமின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அவனுக்கும் அப்போதுதான் தெரியும்.

“உங்களோடதுன்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க துல்மாக்கா. எனக்கு வேணாம்.”

“ஆகா! உன் வீட்டுச் சூடோட நான் ஓட்டிட்டுப் போனா, என்னையில்ல திருடின்னு சொல்வாங்க? சூடு போட்டவ நீ. நீயே வெச்சு மேய்.”

செர்மா எதைத் துரத்த நினைத்தாளோ அதைத் தன் கையாலேயே வீட்டில் கட்டிப்போட்டுவிட்டாளே!

“எழுந்திருய்யா” என்று புருஷனைத் தள்ளிவிட்டு, அவன் இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

ஆட்டமா அது! பிரபுவைக் காக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லை. வண்டியைக் கொடுத்தாள், சிங்கத்தைக் கொடுத்தாள், பொடிப்பயல்களை வாரிக் கொடுத்தாள். கண்ணெல்லாம் அந்த ஒட்டகத்தின் மேல்தான். கடைசியில் குதிரையால் தாவி அதை வெட்டினாள். துல்மா சாவதானமாக வண்டியை நகர்த்திப் பிரபுவை மடக்கினாள்.

“தோத்துட்டியே செர்மா.”

“தோத்தா என்ன? ஒட்டகம் என் கையில.” இறுக்கிய விரல்களை அவள் திறக்கவில்லை.

துல்மாவை வழியனுப்ப நான்தான் வெளியே போனேன். குதிரையில் ஏறப்போனவள் சேணத்தைப் பிடித்தபடி நின்றாள்.

“அக்கா, அவ எந்தக் குதிரையால வெட்டினான்னு பாத்தீங்களா? அவ பொறந்த வீட்டுலேர்ந்து ஓட்டிட்டு வந்த செவலைதான் அது. நெத்தி மயிரு சுழியோட செதுக்கியிருக்கான் சோத்னோம். ரெண்டு குதிரையுமே அதான். என் பெட்டை ஒண்ணே ஒண்ணு, அவ செவலை ரெண்டு. ம்... குடுத்துவெச்சவ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த ‘ம்’ இருக்கிறதே, அது செர்மாவின் குரலேதான்.

துல்மா சொன்னதை நான் உள்ளே போய் நேராகச் சொல்லிவிட்டேன். செர்மா குதிரையை எடுத்து விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“என் செவலைக்குக் காது இவ்வளவு நீளமா? கண்ணு தெரியுதா உனக்கு?” என்று புருஷன்மேல் பாய்ந்தாள்.

பாய்ந்துகொண்டே அவன் கோப்பையில் தேநீரை ஊற்றினாள். பால் தாராளமாகவே விட்டிருந்தது. ஒட்டகம் மட்டும் இன்னும் இடது கைக்குள்ளேயே இருந்தது.