சூடேறாத பிரேக்

மேற்கு வர்ஜீனியா மலையில் குடியிருந்த கர்ட்டிஸ் ஹோல்கம், ஆறு வருடம் பாடுபட்டுத் தன் பழைய 1970 மாடல் செவெல் காரை ஓடவைத்திருந்தான். பிரேக் பேடு மட்டும்தான் பாக்கி. உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவள் அவன் மச்சினி நெட்டி. அவன் பந்தயக் கார்களுக்கான பேடைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"மாமா, இது நல்லா சூடேறினாத்தான் பிடிக்கும். உங்க வீட்டு வாசல்லயே இறக்கம். காலைக் குளிர்ல வழுக்கிட்டுப் போகும். சாதா பேடு எடுத்துக்கோங்க."

"சாதா பேடை உன் அக்கா காருக்குப் போடு. என் வண்டி இன்ஜின் நானூறு குதிரை சக்தி, தெரியுமில்ல?"

"குதிரை ஓடும் மாமா. நிக்குமா?"

சிரித்துக்கொண்டே வாங்கிப் போய் அன்றிரவே மாட்டினான்.

மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. இறக்கத்தின் முதல் வளைவில் வண்டி தாமதமாகத்தான் அடங்கியது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது வளைவில் பெடல் கல்லாக இறுகி நின்றது. வேகம் மட்டும் குறையவில்லை. கீழே பள்ளிப் பேருந்து விளக்குகள் மின்ன நின்றிருந்தது. அதில் ஏற ஒரு சிறுமி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஹாரனை அடித்தான். அவள் மிரண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டாள்.

கர்ட்டிஸ் ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். பாறையில் மோதி வண்டியின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது.

பேருந்து ஓட்டுநர் ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். "உயிரோட இருக்கியாப்பா?"

"அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் ஆகல. பஸ்ல உக்காந்து அழுதுட்டிருக்கா. காலை எடு, வெளிய வா."

கர்ட்டிஸால் முடியவில்லை. அவன் கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.