புனிதாவின் இடது கை

புனிதாவுக்கு வாய் நீளம் என்று லகாட் வட்டாரமே சொல்லும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் அவள் கடைக்குப் பாதிப் பேர் சோற்றுக்காகவும் மீதிப் பேர் அவள் பேச்சுக்காகவும் வருவார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அந்த வாய் ஓயவில்லை. ஈப்போ டயாலிசிஸ் நிலையத்தில் மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் ஷாமினி வந்து அவள் இடது கையைத் தொட்டுப் பார்க்கும்போது மட்டும் அடங்கிவிடும்.

அந்தக் கையை நம்பித்தான் அவள் உயிர் இருந்தது. ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்து ஃபிஸ்டுலா என்ற இணைப்பை வைத்திருந்தார்கள். நரம்பு பருத்து வந்தால் அதிலேயே ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். மணிக்கட்டில் வைத்த முதலாவது அடைத்துக்கொண்டது. முழங்கை மடிப்பில் வைத்த இது இரண்டாவது. இதில் நரம்பு பருக்கும்வரை கழுத்தில் செருகிய குழாய்தான் கதி. அதில் கிருமி ஏறி ஒரு தடவை செத்துப் பிழைத்திருந்தாள்.

"பாஸ்பேட் இறங்கவே மாட்டேங்குதேம்மா," என்றார் டாக்டர். "ரத்தத்துல அது ஏறினா குழாய்ச் சுவர்ல சுண்ணாம்பு படியும், நரம்பு பருக்காது. இதுவும் போச்சுன்னா இந்தக் கையில வேற நல்ல நரம்பு இல்ல."

புனிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாலை விட்டாயிற்று, பருப்பை விட்டாயிற்று. பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும் மாத்திரையை மூன்று வேளையும் சோற்றோடு மென்று விழுங்குகிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

"அக்கா, நெத்திலி? அதுலயும் பாஸ்பேட் நிறைய இருக்கே," என்று ஷாமினி மெல்லக் கேட்டாள்.

"தொடுறதே இல்ல லா! விக்கிறவளே திங்க மாட்டேங்கிறான்னு கடையில கேலி பண்றானுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பியிருந்தாள்.

மறுநாள் விடியலில் குவாலிச் சட்டியில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தர்மேந்திரன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மென்னுக்கிட்டு இருக்கே?"

"நானா? ஒண்ணுமில்லியே."

"வாயைத் திற."

திறந்தாள். நாக்கில் அரை நெத்திலி கிடந்தது.

"இது திங்கிறதா? மொறுமொறுப்பு வந்துச்சான்னு பாக்குறது லா!"

"ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு பிடி பாக்குறே. கச்சாங் கடலை வறுத்தா அதுவும். கல்யாணமான நாள்லேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க என்னைப் பேச விட்டே?"

புனிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமைக்கிறவள் ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று யார் நினைப்பார்கள்? சாப்பாடு இல்லை என்பதால் அதற்கு மாத்திரையும் கிடையாது. முள்ளும் தலையுமாகப் பிடி பிடியாக உள்ளே போயிருக்கிறது. நம் கையை நாமே அடைத்துக்கொண்டிருந்தோமே என்று அடுப்படியிலேயே ஓவென்று அழுதாள்.

அழுது முடித்ததும் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள். ருசி பார்க்கும் பதவியைப் புருஷனுக்குக் கொடுத்தாள். உப்புப் போடக்கூட அவனை நம்பாதவளுக்கு அது ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்த மாதிரி. முதல் வாரம் சம்பல் கரித்தது, நெத்திலி கருகியது, வாடிக்கையாளர்கள் முனகினார்கள். புனிதா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

பாஸ்பேட் இறங்கியது. அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் நரம்பு பருத்து மேலெழும்பியது. ஒரு காலை ஷாமினி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊசிகளையும் அந்தக் கையில் குத்தினாள். இயந்திரம் ஒரு தடவைகூட அலறவில்லை. குழாயில் ரத்தம் சரசரவென்று ஏறியது.

"ஓடுது லா! என் கையில ஓடுது!" என்று புனிதா போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

கழுத்துக் குழாயை எடுத்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நாற்காலி நாற்காலியாகப் போய்க் கையை நீட்டினாள். தோலுக்கடியில் ரத்தம் விர்ரென்று அதிர்ந்தது. கடைசி நாற்காலியில் இராமசாமி இருந்தார். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய காலத்தில் கத்திக்குப் பயப்படாதவர், ஃபிஸ்டுலாவுக்கு மட்டும் கையைத் தரமாட்டேன் என்று கழுத்துக் குழாயோடு பிடிவாதமாக இருந்தார்.

"தொட்டுப் பாருங்க அண்ணே."

அவர் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அப்படியே ஷாமினி பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி, எனக்கும் ஆபரேஷனுக்கு ஒரு தேதி வாங்கிக் குடு லா."