சொல்ஹாவின் சாட்சியம்

தென்கொரியாவின் கூமி நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கொதிகலன்களைப் பராமரிக்கும் பியோன் தே-சிக், ஆறாண்டுகளாக ஓர் இணைய விளையாட்டில் சொல்ஹா என்னும் பெண்ணாக வாழ்ந்து வந்தார். நாற்பத்து மூன்று வயது, பிறவியிலேயே திக்குவாய். முதலில் ஆணாகத்தான் அதனுள் நுழைந்தார். இரண்டு மாதம் ஒருவரும் அவரோடு பேசவில்லை. பின்னர், காயம்பட்டவரைக் குணப்படுத்தும் பெண் பாத்திரம் ஒன்றைப் படைத்துக்கொண்டார். முதல் நாளே ஒருவன், "உசுரக் காப்பாத்திட்டீங்க அக்கா" என்று எழுதினான். அந்த 'அக்கா'வைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை.

அவர் சேர்ந்திருந்த குழுவில் எழுபது பேர் இருந்தனர். வென்ற பொருளைப் பங்கிடுவதில் தகராறு எழுந்தால், சொல்ஹா சொன்னதே முடிவு. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததால் பேச இயலாது என்று அவள் சொல்லியிருந்ததை எவரும் ஐயுறவில்லை. நேரில் கூடும் நாள்களில் அவளுக்கு ஏதேனும் ஒரு வேலை வந்துவிடும்.

வசந்த காலத்தில் குழுவினர் தேஜோன் நகரில் கூடினர். போரி என்னும் பெயரில் விளையாடும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணை, குழுவின் முன்னணி வீரனாகிய முக்வோன் தன் வண்டியில் சோங்ஜுவிலுள்ள அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அதன் பிறகு அழையாமலே வந்து அந்த வாசலில் நிற்கத் தொடங்கினான். பல் மருத்துவமனை வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவன் நிற்கிறானா என்று தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டே நடப்பதாகப் போரி சொல்ஹாவிடம் மட்டும் எழுதினாள். "ஒரு பொம்பளைகிட்டத்தான் அக்கா இதைச் சொல்ல முடியும்" என்றும் எழுதினாள். தான் இருக்கும் கட்டடத்தையும் மாடியையும் சொல்ஹாவிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

ஒரு பிற்பகலில், விளையாட்டின் உள்ளேயே முக்வோனிடமிருந்து சொல்ஹாவுக்குத் தனிச்செய்தி வந்தது.

"அக்கா, போரி எந்த மாடி? பழம் வாங்கிட்டு வந்து கீழ நிக்கிறேன். சும்மா ஆச்சரியப்படுத்தத்தான்."

கதவைத் தாழிடுமாறு தே-சிக் போரிக்கு உடனே எழுதினார். அந்தப் பதற்றத்தில், சாளரத்தை மூடினால் அழிந்துவிடும் அச்செய்தியைப் படமெடுத்து வைக்கத் தவறிவிட்டார். எனவே, முக்வோனைக் குழுவிலிருந்து நீக்க வேண்டுமென்று போரி முறையிட்டபோது, அவளுக்கு இருந்த ஒரே ஆதாரம் சொல்ஹாவின் சொல்.

ஞாயிறு நண்பகலில், குழுவின் உரையாடல் அறையில் விசாரணை தொடங்கிற்று. தே-சிக்குக்கு அன்று பணிநாள். கொதிகலன் அறையில், பாதி உண்ட கிம்பாப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியோடு அமர்ந்தார். குழுத்தலைவர் நம்கூங், கூன்சானில் வண்டிக் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்; குழுவில் எல்லாருக்கும் அண்ணன்.

"எல்லாரும் வந்தாச்சா? சோறு தின்னுட்டு வந்து சண்டை போடுங்கப்பா. முக்வோன், நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்ல, ஹ்யோங்? மழையில நின்ன பொண்ணைக் கொண்டுபோய் விட்டது குத்தமா? இனிமே எவ நனைஞ்சாலும் கண்ணை மூடிக்கிட்டுப் போறேன்."

சிலர் சிரித்தனர்.

"நாலு தடவ வாசல்ல நின்னீங்க" என்று போரி எழுதினாள். "மாடி நம்பர் கேட்டிருக்கீங்க. சொல்ஹா அக்காவுக்குத் தெரியும்."

"ஆமாம் ஓப்பா, என்கிட்டத்தான் கேட்டான்" என்று சொல்ஹா எழுதினாள். "நான் சொல்லலை."

சொல்ஹா பொய் சொல்லி எவரும் கண்டதில்லை. "அக்காவே சொன்னா அப்புறம் என்னய்யா, தூக்கிடுங்க" என்று ஒருவன் எழுதினான். ஆனால் முக்வோன் இல்லாமல் அடுத்த மாதப் போட்டியில் வெல்ல முடியாதென்பதை நம்கூங் அறிவார்.

"சரி, சரி. ரெண்டு பேரும் ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதீங்க. தானா ஆறிடும்."

தே-சிக்குக்குச் சினம் மூண்டது. விரல்கள் தாமாகவே ஓடின.

"ஹ்யோங், இது ஆறுற விஷயமா? அந்தப் புள்ள வீட்டுக்குப் போகவே பயப்படுது!"

அனுப்பிய பின்னரே அவர் அதைப் பார்த்தார். மூத்த ஆணைப் பெண் அழைத்தால் ஓப்பா. ஆண் அழைத்தால்தான் ஹ்யோங். அந்நாட்டில் பேச்சுப் பழகும் குழந்தையும் இதில் தவறுவதில்லை. உடனே நீக்கினார். 'செய்தி நீக்கப்பட்டது' என்னும் வரி மட்டும் நின்றது. அதற்குள் முக்வோன் அதைப் படமெடுத்துவிட்டான்.

"ஹ்யோங்கா? அடடே! சொல்ஹா அக்காவுக்கு மீசை முளைச்சிருச்சு போல!"

"கை தவறியிருக்கும்டா" என்றான் ஒருவன்.

"அப்படியா? பத்தே விநாடி வாயைத் திறக்கட்டும். பொம்பளைக் குரல் கேட்டா நானே குழுவ விட்டுப் போயிடுறேன். ஆறு வருஷமா நம்ம எல்லாரையும் ஏமாத்துனவன் சாட்சி சொல்றானாம், சாட்சி!"

போரி இரண்டே சொற்கள் எழுதினாள்: "அக்கா? இல்லைதானே?"

கை தவறிற்று என்று சொல்லிவிட்டு மறைந்துவிடலாம். ஆனால் மறைந்தவளின் சாட்சியம் செல்லுமா? தே-சிக் குரல் அழைப்பை அழுத்தினார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தனர்.

"மு... மு... முக்வோன் எ... என்கிட்ட மா... மாடி கேட்டது நெசம். நா... நான் யாரா இருந்தாலும் அது நெ... நெசம்."

முதலில் ஒருவருடைய சிரிப்பு கேட்டது, பிறகு பலருடையது. "யோவ், உன்கிட்ட என் பொண்டாட்டி சண்டையெல்லாம் சொன்னேனேய்யா!" என்று ஒருவன் கத்தினான். மாடியைப் பற்றி எவரும் வினவவில்லை. 'போரி வெளியேறினார்' என்னும் வரி தோன்றிற்று. அவளுக்குத் தனியே எழுதிய செய்தியும் சென்று சேரவில்லை. அவள் அவரைத் தடுத்துவிட்டிருந்தாள்.

மாலைக்குள் அந்தப் படமும் திக்குவாய்க் குரலும் விளையாடுவோர் ஒருவரையொருவர் அம்பலப்படுத்தும் இணையப் பக்கமாகிய சம்பவப் பலகையில் ஏறின. அப்படி ஏற்றுவதைப் பாடம் பண்ணுதல் என்பார்கள்; வைக்கோல் அடைத்த விலங்கைப்போல அது அங்கேயே நிற்கும். முக்வோன் குழுவில் நீடித்தான். பலகையில் பலரும் அவனைப் பாராட்டினர்.

மறுநாள் தே-சிக் விடுப்பெடுத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றார். முக்வோன் இனி அஞ்ச மாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பணியிலிருந்த இளம் அதிகாரி பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. அந்தப் பொண்ணு பேரு?"

"போ... போரி."

"அது விளையாட்டுப் பேரு. சொந்தப் பேரு?"

ஆறாண்டுகளில் தே-சிக் அதைக் கேட்டதேயில்லை. அவளும் இவருடைய பெயரைக் கேட்டதில்லை.

"தெ... தெரியாது. சோங்ஜுவில கட்டடம் தெரியும். ஆ... ஆறாவது மாடி."

அதிகாரியின் எழுதுகோல் நின்றது.

"பேரு தெரியாது. மாடி தெரியும். அவ உங்களைத் தடுத்து வேற வச்சிருக்கா." அவர் எழுதிய தாளை ஒதுக்கிவிட்டுப் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். "முதல்ல உங்க அடையாள அட்டையைக் குடுங்க. இதுவரைக்கும் எத்தன தடவ அந்தக் கட்டடத்துப் பக்கம் போயிருக்கீங்க?"