அந்தக் கடைக்குப் போனதில்லை

குளோரியா இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகா, "நீங்க நான்வெஜ்ஜா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எதிரே மேனேஜர் அனந்தபத்மநாபன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளோரியா அவருடைய டப்பாவைப் பார்த்துவிட்டு, "இல்லங்க, ப்யூர் வெஜ்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு தினமும் எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ கொண்டுபோக வேண்டியதாயிற்று.

ஜீவனஹள்ளியில் இருக்கும் அவள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக காக்ஸ் டவுனில் ஆஞ்சலா ஆன்ட்டி கடைக்குத்தான் போவார்கள். மஞ்சள் தேங்காய்ச் சோறும் பீஃப் உருண்டைக் குழம்பும். குளோரியாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இரண்டு வேளையும் அந்தக் கடையிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அம்மா இறந்த அன்று குளோரியாவை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டதும் ஆஞ்சலாதான்.

போன மாதம் டீம் லஞ்சுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது, மகா ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். "காக்ஸ் டவுன்ல சின்ன கடையாம், இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க. குளோரியா, உங்க ஏரியாதானே? அங்க என்ன ஆர்டர் பண்ணலாம்?"

திரையில் ஆஞ்சலா ஆன்ட்டி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தெரியல மகா. நான் அந்தக் கடைக்குப் போனதில்ல."

வெள்ளிக்கிழமை அங்கேயே போவதென்று முடிவாயிற்று. மதியம் கூட்டமாக இருக்கும், ஆஞ்சலா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்று குளோரியா நம்பினாள். சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆனால் தண்ணீர் டம்ளர்கள் வந்த கையோடு தோளில் ஒரு கை விழுந்தது.

"ஏய் கண்ணு! சொல்லவே இல்ல பாரு. இவங்கெல்லாம் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸா? உனக்கு எப்பவும் போல உருண்டைக் குழம்புதானே?"

மேசையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குளோரியாவுக்குக் காது சுட்டது. வாய் தானாகப் பேசியது.

"நீங்க வேற யாரோன்னு நெனச்சிட்டீங்க. எனக்கு உங்களத் தெரியாதே."

கை தோளிலிருந்து எழுந்தது. ஆஞ்சலா அவளை ஒரு கணம் பார்த்தாள்.

"சாரி மேடம். எங்க சர்ச்சுக்கு வர்ற ஒரு பொண்ணு மாதிரியே இருந்தீங்க."

மகா சிரித்தாள்.

அதன்பிறகு நடந்ததுதான் குளோரியாவை இன்னும் குறுக வைத்தது. மகாவும் கூட வேலை செய்யும் பத்ரிநாத்தும் உருண்டைக் குழம்பு என்றால் என்ன என்று கேட்டார்கள். ஆஞ்சலா பீஃப் என்றாள். பத்ரிநாத், "பரவாகில்லா, எனக்கு சிக்கன் கொடுங்க" என்று கன்னடம் கலந்து சொல்ல, மகா மட்டும் குழம்பு கேட்டாள். அனந்தபத்மநாபன் காய்கறிப் பிரியாணி சொல்லிவிட்டு, மகாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கிரிக்கெட் பேசினார். யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை.

குளோரியாவின் முன்னால் வெஜ் ஃப்ரைட் ரைஸை வைக்கும்போது ஆஞ்சலா குனிந்து, "தனி வாணலியில பண்ணது மேடம். பயப்படாம சாப்பிடுங்க" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. குளோரியா தலை நிமிராமல் ஸ்பூனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி அவள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அப்பா ஓஸ்வால்ட் தனியாகப் போய்ப் பார்சல் வாங்கி வந்தார். "ஆஞ்சலா உன்னக் கேட்டுச்சு. ஆபீஸ்ல ரொம்ப வேலையான்னு கேட்டுச்சு. பாவம், உன் மேல அதுக்கு எவ்வளவு பாசம்!"

அப்பாவிடம் ஆஞ்சலா எதையும் சொல்லவில்லை. அது தெரிந்ததும் குளோரியாவால் படுத்திருக்க முடியவில்லை.

அவள் போனபோது கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஆஞ்சலா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு... நான் வெஜ்ஜுன்னு ஆபீஸ்ல சொல்லி வெச்சிருந்தேன். அதான் பயத்துல..."

"வெஜ்ஜுன்னு சொல்லிக்கோ. எனக்கென்ன வந்துச்சு? 'ஆன்ட்டி, எனக்கு ஃப்ரைட் ரைஸ் போதும்'னு சொல்லியிருந்தா, நான் வாயத் தொறந்திருப்பேனா?" ஆஞ்சலா துணியை மேசை மேல் போட்டாள். "என்னத் தெரியாதுன்னு ஏன்டி சொன்ன?"

அழுதால் அதுவும் ஆஞ்சலாவைத் தேற்றச் சொல்வது போலாகிவிடும் என்று குளோரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆஞ்சலா தேற்றவில்லை. "வீட்டுக்குப் போ. டாடி தேடுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

மறுநாள் மதியம், எல்லோரும் டப்பாவைத் திறந்த நேரத்தில் குளோரியா நடந்ததைச் சொல்லிவிட்டாள். எங்கேயோ ஆரம்பித்து, திக்கித் திணறி, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொன்னாள். மகாவின் முகம் சுருங்கியது.

"அந்தம்மா உங்ககிட்ட சாரி கேட்டப்ப, நான் வேற சிரிச்சேனே."

அனந்தபத்மநாபன் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்காகத்தான் அப்படிச் சொன்னியாம்மா?"

"ஆமா சார்."

"நான் எப்பவாவது உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். "நான் கேக்கவே இல்ல. நான் எப்படிப்பட்டவன்னு நீயே முடிவு பண்ணி வெச்சிருந்திருக்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மூடியை எடுத்து டப்பாவை மூடினார். பாதிக்கு மேல் மீதமிருந்தது.

குளோரியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆஞ்சலாவை மட்டும்தான் அவமதித்துவிட்டதாக அதுவரை நினைத்திருந்தாள்.