தேவைக்கு மேல் காட்டலாகாது

புதிய சட்டம் வந்த பிறகு, ஒருவர் தன் செல்போனில் உள்ள அடையாள வாலெட்டைத் திறந்து எதைக் காட்டுகிறாரோ, அது மட்டுமே எதிரே இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது. தேவைக்கு மேல் காட்டலாகாது, தேவைக்கு மேல் கேட்கலாகாது என்பதுதான் சட்டம். மதுக்கடை வரிசையில் வயதுகள் மட்டும் நின்றன. டவுன் பஸ்ஸில் 'பெண்' என்பது மட்டும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. கண்டக்டர் அதற்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். திருச்சி நகரம் சீக்கிரமே பழகிக்கொண்டது.

இசக்கியம்மாளுக்கு இந்தச் சட்டம் சமயத்தில் வந்தது. அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. விவாகரத்துக்குப் பிறகு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும், துணி மாட்ட ஒரு ஆணியும் அவளுக்கென்று இருந்தன. அந்த ஹாஸ்டலைக் கல்யாண மண்டபமாக மாற்றப்போகிறார்கள் என்று மாதக் கடைசிக்குள் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் பேர் கேட்டார்கள். பேரைச் சொன்னதும் ஊர் கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் குலதெய்வம் கேட்டார்கள். அப்புறம், வீட்டுக்காரர் எங்கே என்றார்கள். அதற்கும் பதில் சொன்னால், மாடியை ஏற்கெனவே யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது. நாளெல்லாம் அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிறவள், தன்னை இப்படி ஊடுருவிப் பார்ப்பது தாங்காமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

சட்டம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போன மாதம் தன்னைத் திருப்பி அனுப்பிய அதே வீட்டுக்கு மறுபடியும் போனாள். 'மாடி வாடகைக்கு' என்ற அட்டை இன்னும் கேட்டில் தொங்கியது. குடிவர இரண்டே விஷயங்கள் போதும் என்றது சட்டம். இசக்கி வாலெட்டில் அந்த இரண்டை மட்டும் திறந்துவிட்டு மணியை அடித்தாள்.

அன்று அவளைத் திருப்பி அனுப்பிய தணிகாசலமே கதவைத் திறந்தார். வாசலில் 'வயது வந்தவர்' என்பதும் 'வாடகை ஒழுங்காகத் தருபவர்' என்பதும் நின்றுகொண்டிருந்தன.

"மாடி பாக்கலாங்களா?"

"தாராளமா. உள்ள வாங்க," என்று வழிவிட்டார். பிறகு வழக்கம்போல, "எந்த ஊரு?" என்றார்.

கேள்வி இரண்டடி தூரம் போய், மிதியடிமேல் விழுந்தது.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" அதுவும் விழுந்தது. கறி மீன் உண்டா என்பது கொஞ்சம் கனமான கேள்வி. தொப்பென்று விழுந்து உருண்டு, ஷூ ரேக்குக்கு அடியில் போனது. குலதெய்வத்தைப் பற்றிய கேள்வி அவருடைய காலிலேயே விழுந்ததால் லேசாக வலித்தது. காலைத் தேய்த்துக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கோமளவல்லி துடைப்பமும் முறமுமாக வந்தாள். "இப்பத்தான் கூட்டினேன். வாசல்லயே எல்லாத்தையும் கொட்டி வைக்கிறீங்களே," என்றபடி கேள்விகளைக் கூட்டி அள்ளி, குப்பை வண்டிக்கென்று தனியாக எடுத்து வைத்தாள்.

கேட்க வேறொன்றும் இல்லாததால் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இசக்கி செல்போனில் விரலை வைத்தாள். அவளுடைய கையொப்பம் எழுந்து, நிமிர்ந்து நடந்துபோய், தனக்கான இடத்தில் உட்கார்ந்தது. இனி வீட்டு உரிமையாளரின் முறை. தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டு தன் வாலெட்டைத் திறந்தார்.

வாலெட் அவரிடமிருந்ததைக் காட்டியது. சோபாவில் 'கோமளவல்லியின் கணவர்' என்பது மட்டும் உட்கார்ந்திருந்தது. மீசை இல்லை, தணிகாசலம் இல்லை.

அந்த வீடு கோமளவல்லியின் அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. இத்தனை வருஷமும் வந்தவர்களைக் குடைந்து கேட்டதும், வேண்டாம் என்று அனுப்பியதும், பேனாவால் கையெழுத்துப் போட்டதும் தணிகாசலம்தான். பேனா யாரையும் எதுவும் கேட்டதில்லை.

"என் போனை எடுத்துட்டு வாங்க. பீரோவுல புடவைக்கு நடுவுல இருக்கும்," என்றாள் கோமளவல்லி. கணவர் என்பது எழுந்துபோய் எடுத்து வந்தது.

கோமளவல்லி வாலெட்டைத் திறந்தாள். 'உரிமையாளர்' என்பது கூடத்தில் எழுந்து நின்றது. நிற்க நிற்க வளர்ந்தது. தலை இடிக்கும் என்பதால் இசக்கி போய் ஃபேனை நிறுத்தினாள்.

உரிமையாளர் தன் கையொப்பத்தைக் கூப்பிட்டாள். கல்யாணப் பதிவோடு கைவிட்ட கையொப்பம் அது. ரெட்டைச் சடையும் பள்ளிக்கூடத் தாவணியுமாக மூச்சிரைக்க ஓடி வந்தது. "எங்கேடி இருந்தே?" என்று கேட்டு அதன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அது எக்கி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டது. கடைசியில் ஒரு சுழி சுழித்து, அடியில் அழுத்தமாக ஒரு கோடும் இழுத்தது. மூன்று செல்போன்களும் ஒரே நேரத்தில் மணியடித்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ நல்ல காரியம் என்று ஜன்னல் வழியாகக் கை தட்டினார்கள்.

இசக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செல்போனை எடுத்து, வாலெட்டில் இருந்த எல்லாவற்றையும் திறந்தாள். பேர், ஊர், குலதெய்வம், கோர்ட்டு தந்த விடுதலை, கருவாட்டு ஆசை, நெற்றித் தழும்பு, சிரிப்பு.

"எனக்கு இதெல்லாம் தேவையில்லையேம்மா," என்றாள் கோமளவல்லி.

"தெரியும்க்கா. கேட்டா காட்டியிருக்க மாட்டேன். நானாத்தான் காட்டுதேன்."

கோமளவல்லி ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஆசையாகப் பார்த்தாள். "கருவாட்டுக் குழம்பு வெச்சா ஒரு குரல் குடு. நான் சாப்பிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

அன்று சாயங்காலமே இசக்கி சாமான்களோடு வந்து இறங்கினாள். கோமளவல்லியின் கணவர் என்பது கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டது. இந்தக் கேள்வி நேராக வந்து சேர்ந்தது. இசக்கி மொட்டை மாடிக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, காவிரிக் காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். கீழே கூடத்தில் ரெட்டைச் சடை இன்னும் தூங்காமல், சுவரெல்லாம் தன்னையே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, தன் வாலெட்டைத் திறந்தது. அப்புறம் அங்கே பசி மட்டும் இருந்தது. யார் வீட்டு முன்னோர் என்பதை அது காட்டவில்லை. இசக்கி சுடுசோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்தாள். பசி நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, பெற்றுக்கொண்டதற்கு மூன்று விரலால் கையொப்பமிட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் பக்கமாகப் பறந்துபோனது.