சின்ன அறையில் நாலு நாற்காலி

என் ஓரகத்தி மகள் சிட்டுவைச் சின்ன அறைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடி மறைப்பானேன், வயிறு எரிந்தது. அவளுக்கும் என் மகன் உருண்டைக்கும் ஒரே வயது. ஒரே மழலையர் பள்ளி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்துப் பாய். இதில் அவள் மட்டும் என்ன உசத்தி?

வகுப்பை ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட அறை அது. ஒரு வட்ட மேசை, நாலே நாலு நாற்காலி, புதிதாக வந்த டீச்சர். மற்ற வாண்டுகள் எல்லாம் வகுப்பில் கத்திக்கொண்டிருக்க, நாலு பேர் மட்டும் தினமும் அங்கே போய்ப் படம் பார்த்து, கைதட்டி, சிரித்துவிட்டு வருவார்கள். அது போதாதென்று இன்னொரு பையனுக்கு அதே டீச்சர் தனியாகவே சொல்லிக்கொடுப்பார். அவன் அம்மாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜகுமாரனைப் பெற்றிருக்கிறாளாம்!

"எதுக்கு உன் பொண்ண மட்டும் எடுத்தாங்க?" என்று ஓரகத்தியிடமே கேட்டேன்.

"என்னமோ செலக்ட் பண்ணாங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடுதான், நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் சிட்டு சிரித்தால் இந்தப் பக்கம் எனக்கு எரியும். "நம்ம பையன் வாய்க்கு அவ நிக்க முடியுமா? இவன ஏன் எடுக்கல?" என்று கணவரைப் பிடுங்கினேன். "அவங்களுக்குத் தெரியாதா? சும்மா இரு" என்றார். சும்மா இருக்கிற ஆளா நான்!

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பார்கள். டீச்சர் ஒவ்வொரு படமாகக் காட்டுவார், அது எந்தச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது என்று பிள்ளை சொல்ல வேண்டும். அடுத்த சோதனை நெருங்கியது. சிட்டுவைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். "கண்ணு, டீச்சர் என்னென்ன படம் காட்டுவாங்க?"

பிள்ளை கள்ளமில்லாமல் டீச்சர் விளையாட்டே விளையாடிக் காட்டிவிட்டது. ஆடு, பந்து, குடை, மீன், நாற்காலி. எப்போதும் அதே வரிசைதானாம். விடுவேனா? குளிப்பாட்டும்போது "ஆ", தலை துவட்டும்போது "ப", சட்டை மாட்டும்போது "கு". கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, உருண்டை சுவர் அதிர ஒப்பித்தான். "பந்து எதுல ஆரம்பிக்குது?" என்று தனியாகக் கேட்டால் மட்டும் "ஆ" என்பான். விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிட்டேன்.

சோதனை முடிந்தது. உருண்டையை எடுக்கவில்லை. சின்ன அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஓரகத்தியும் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"எம்புள்ள எல்லாம் சரியாச் சொன்னானா இல்லையா?"

"அத்தனையும் சரியாச் சொன்னான்மா" என்றார் டீச்சர்.

"அப்புறம் ஏன் எடுக்கல? ஆளப் பாத்துத்தான் எடுப்பீங்களோ?"

டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். "வகுப்புல எல்லாருக்கும் சொல்லித் தர்றோம். அதுல சில பிள்ளைங்களுக்கு அது மட்டும் போதாது. பின்னாடி படிக்க, எழுதக் கஷ்டப்படுவாங்களோன்னு தோணினா இப்பவே இங்க கூட்டிட்டு வந்து கூடக் கொஞ்சம் சொல்லித் தர்றோம். அதுவும் பத்தலன்னாதான் தனியா. உங்க பையனுக்குத்தான் எல்லாம் தெரியுதே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் நான் எரிந்தது இதற்கா!

"அட, அப்ப சிட்டுதான் மந்தமா?" என்று வாய்விட்டே கேட்டேன். ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "டேய் உருண்டை, வா இங்க! சித்திக்குச் சொல்லிக் காட்டு" என்று மேசைமேல் கிடந்த படங்களில் கைக்கு வந்ததை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

மீன்.

"ஆ!" என்றான் உருண்டை, ஜோராக.

அடுத்ததை எடுத்தேன். நாற்காலி. "ப!" என்றான். ஆடு. "கு!" நான் ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க அவன் வரிசை தவறாமல் சொல்லிக்கொண்டே போனான். சொல்லி முடித்துக் கைதட்டலுக்காக எங்கள் முகத்தைப் பார்த்தான். யாரும் தட்டவில்லை.

"நானும் ஒரே வரிசையிலயே காட்டிட்டு இருந்திருக்கேன்" என்றார் டீச்சர் மெதுவாக.

கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தேன். "இவனையும் சேத்துக்குங்க டீச்சர். நாலு நாற்காலிதான் இருக்குன்னு சொல்லிடாதீங்க."

"ஒண்ணு காலியாகுதும்மா. சிட்டு நல்லா வந்துட்டா. இனிமே அவளுக்கு வகுப்பே போதும்."

அப்போதும் சுருக்கென்றது எனக்கு. அவள் பிள்ளை வெளியே போகிறது, என் பிள்ளை உள்ளே வருகிறது. இப்போது இவள் சிரிப்பாள், சிரிக்கட்டும் என்று ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் உருண்டை கடகடன்னு சொல்வான்க்கா. நான் இந்தப் பக்கம் உக்காந்து கேப்பேன். அவனுக்கு வருது, உனக்கு ஏன்டி வரலன்னு இவளப் போட்டு அடிச்சேன்க்கா. ரெண்டு மூணு தடவ அடிச்சேன்."

அவளுக்கும் எரிந்திருக்கிறது. என் பிள்ளையைப் பார்த்து. அதுவும் இல்லாத ஒன்றைப் பார்த்து. நான் சட்டை மாட்டும்போது சொல்லிக்கொடுத்த "கு"வுக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அடி வாங்கியிருக்கிறது.

சிட்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அம்மா அழுவதையும் உருண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் என் காதோடு கேட்டாள்.

"பெரியம்மா, நான் உருண்டைக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா?"

"இல்லடி கண்ணு. நீ சரியாத்தான் சொன்ன" என்றேன்.